செருப்போடயே வாங்கம்மா

கத்திரி வெயில் முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. ஆம்பூரிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்கு வந்திருந்தோம். மொத்தம் பதினோரு பேர். ஒன்பது பேர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் அவர்களில் ஒருத்தியின் அம்மா, இன்னொருவர் இதை எழுதுகிறவர். கையில் ஒரு மனு. கல்வி உதவித்தொகை வராமல் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அதோடு இணைத்திருந்தோம்.

அலுவலகத்துக்குப் பத்தரை மணிக்கே போய்விட்டோம். "ஐயா மூணு மணிக்கு மேலதான் வருவாரு" என்றார்கள். உட்கார இடமில்லை. வராந்தாவில் நின்றால் "வழியை விட்டு நில்லுங்க" என்றார்கள். வெளியே மரம்கூட இல்லை. தார்ச்சாலை கண்ணைக் கூச வைத்தது. நாலரை மணி நேரத்தை எங்கே போய்க் கழிப்பது? கடற்கரை என்றான் ஒருவன். இந்த வெயிலில் மணலில் கால் வைக்க முடியுமா என்று மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். மால் என்றாள் ஒருத்தி. அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் விலையைக் கேட்டால் நம் தாகம் தானாகவே போய்விடும் என்று இன்னொருத்தி சொன்னாள்.

எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம் என்று நாங்கள்தான் சொன்னோம். பிள்ளைகள் முகத்தில் உற்சாகமில்லை. "அங்க நாம போலாமாக்கா? பாஸ் கேப்பாங்களா?" என்றான் ஒருவன். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் அவன். அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டோம். கேட்டில் யாரும் நம்மைத் தடுக்காவிட்டாலும், நாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அனுமதி கேட்கப் பழகியிருக்கிறோம். தடை போட்டவர்கள் போன பிறகும் தடை நம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவியின் அம்மாதான் முதலில் சிரித்தார். "செத்த காலேஜுக்கா? எங்க ஆயா சொல்லும். அது மெட்ராசுல சித்தாள் வேலைக்கு வந்தப்போ ஒரு தடவை பாத்துச்சாம்."

பழைய சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார்கள். 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது, அப்போது இயங்கிவந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். 1854இல்தான் இப்போதிருக்கும் பாந்தியன் சாலை வளாகத்துக்கு வந்தது. ஊர் ஜனங்கள் அந்தக் காலேஜ் என்ற சொல்லை விடவில்லை. படிக்க வாய்ப்பே தராத ஊரில், கூலிக்கு வந்த ஜனங்கள் ஒரு கட்டடத்தைப் பார்த்து அதற்குக் காலேஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆயா போன காலேஜ் அது ஒன்றுதான். பேத்தி மகள் இப்போது நிஜக் காலேஜில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகை வரவில்லை என்று மனு கொடுக்க வந்திருக்கிறாள்.

முதலில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போனோம். பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த அக்காவைக் காணோம். படிக்குக் கீழே வெயிலில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு சூடேறிய தரையில் இரண்டு எட்டு வைத்தவர், கால் பொறுக்காமல் விரல் நுனியில் நடந்தார்.

வாசலில் இருந்த பாதுகாவலர் அம்மா எழுந்து வந்தார். "ஏம்மா, கால் வெந்துடும். செருப்போடயே வாங்கம்மா. இங்க யாரும் கழட்ட வேணாம்."

அக்கா நம்பவில்லை. எங்களைப் பார்த்தார். "உள்ள சாமி இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா. இருந்தா என்ன? போட்டுக்கிட்டுப் போங்க" என்றார் அவர்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நின்றபோதுதான் மெதுவாகச் சொன்னார்: "எங்க அம்மா ஊர்ல பெரிய தெரு வந்தா செருப்பைக் கழட்டிக் கைல எடுத்துக்கினுதான் போவோம். நான் கல்யாணமாகி வர்ற வரிக்கும் அப்படித்தான். இப்போ சாமி முன்னாடியே போட்டுக்கினு நிக்கறன்."

இந்த அக்கா வேலை செய்வது ஷூ கம்பெனியில். மேல்தோல் தைக்கும் பிரிவு. அவர் கணவர் வேலை செய்வது டேனரியில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் பதனிடும் தோலும் தைக்கும் காலணியும் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. உலகத்தின் காலுக்குச் செருப்பு தைத்த கைகள், ஊர்த் தெருவில் தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கின்றன. சமூகவியல் வகுப்பில் இதை வெவ்வேறு கோட்பாட்டுப் பெயர்களில் படித்தோம். அந்த அக்கா அதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்தக் கூடத்தில் நிற்கும் திருமேனிகள் ஒரு காலத்தில் கருவறையிலும் தேரிலும் இருந்தவை. நம் பாட்டன் பாட்டிகள் இவற்றைத் தூரத்தில் இருந்துகூடப் பார்த்திருக்க முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் சிலரும் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கத் தனியாக ஒரு சட்டமே தேவைப்பட்டது. இன்றும் எத்தனையோ ஊர்களில் கோயில் கதவைத் திறக்கத் தாசில்தாரும் போலீசும் வர வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு டிக்கெட். சாதிக்கொரு விலை கிடையாது. யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று கிடையாது. அருங்காட்சியகத்தில் சாமிக்குப் பூசை இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசை இல்லாத இடத்தில்தான் நம் ஆட்கள் சாமியின் முகத்தை அருகில் நின்று பார்க்க முடிந்திருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்து யோசிக்கட்டும்.

பிள்ளைகள் நாகப்பட்டினத்துப் புத்தர்கள் முன்னால் நின்றுவிட்டார்கள். 1856 முதல் பல பத்தாண்டுகள் நாகப்பட்டினத்தில் மண்ணைத் தோண்டத் தோண்ட நூற்றுக்கணக்கில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் கணிசமானவை இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. "நாகப்பட்டினத்துலயா? நம்ம நாகப்பட்டினமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பள்ளிப் புத்தகத்தில் பௌத்தம் என்றால் கயா, சாரநாத், அசோகர். தமிழ் மண்ணில் சோழர் காலத்திலும் விகாரை இருந்தது என்பது தேர்வுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்து போகிறது.

அங்கேயே நின்று அயோத்திதாசரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். 1845இல் பிறந்தவர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியவர். அந்தச் சங்கத்தின் கிளை ஒன்று கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் நடந்தது. எங்கள் ஆம்பூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயிலில் ஏறி, பங்காரப்பேட்டையில் இறங்கி மாறினால் மாரிக்குப்பம். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகள் மேலே வந்து புத்தரைப் படித்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள் என்று அயோத்திதாசர் எழுதினார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் அண்ணல் அம்பேத்கரும் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். இவர்கள் சொன்ன ஒவ்வொரு சான்றும் இன்றைய வரலாற்று ஆய்வில் அப்படியே நிற்கும் என்று நாம் வாதிட வேண்டியதில்லை. 'நீ ஆதியிலிருந்தே இழிந்தவன்' என்று சொன்ன கதையை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பில் இருந்துதான் நம் அரசியல் தொடங்குகிறது.

அதன்பிறகு அமராவதிக் கற்களைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொன்னால், எழும்பூர் என்று நாங்கள் சொன்னதற்குக் காரணம் அவைதான்.

ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் தூபி அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதி ஜமீன்தார் புது ஊர் கட்டியபோது, அவருடைய ஆட்கள் கட்டடக் கல்லுக்காக அந்த மேட்டைத் தோண்டினார்கள். காலின் மெக்கன்சி அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்து எடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. வந்தவை சில வருடம் இந்த அருங்காட்சியகத்தின் முன்னால் திறந்த வெளியில், வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. பிறகு நடந்த அகழாய்வுகளில் கிடைத்தவை இங்கே வந்தன. பளிங்கு என்று பொதுவாகச் சொன்னாலும் அது சுண்ணாம்புக்கல். பச்சையும் சாம்பலும் கலந்த வெளிறிய நிறம்.

உள்ளே வெயில் வரவில்லை. நளகிரி யானைச் சிற்பத்தின் முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். புத்தரைக் கொல்ல மதம் பிடித்த யானையைத் தெருவில் ஏவிவிடுகிறார்கள். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது. ஒரு பக்கம் ஆட்களை மிதித்துத் தூக்கி எறிகிறது. இன்னொரு பக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். "சாதிக் கலவரத்துலயும் இப்படித்தான்க்கா, மாடில நின்னு வீடியோ எடுப்பாங்க" என்றான் அந்த வரலாற்று மாணவன். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

இன்னொன்றைக் கவனிக்கச் சொன்னோம். இங்கே பல பலகைகளில் புத்தர் மனித உருவத்தில் இல்லை. வெறும் ஆசனம், அரசமரம், சக்கரம், இரண்டு பாதம். அந்தப் பாதத்தை வணங்கிக்கொண்டு ஆட்கள். அக்கா அதைக் குனிந்து பார்த்தார். "காலு மட்டும்தான் இருக்குது. செருப்பு இல்லயே" என்றார்.

அப்போதுதான் எங்கள் செல்பேசியில் இருந்த ஒரு பழைய குறிப்பை எடுத்தோம். முதுகலை படித்த காலத்தில் நூலகத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டது. அமராவதித் தூபியை ஓர் அரசன் தனியாகக் கட்டவில்லை. பிக்குகள், பிக்குணிகள், வணிகர்கள், வாசனைப் பொருள் விற்பவர், குடும்பப் பெண்கள் என்று பலரும் ஆளுக்கொரு தூண், ஆளுக்கொரு பலகை என்று கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயரைக் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். மொழி பிராகிருதம், எழுத்து பிராமி. அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று, பூரண கும்பம் செதுக்கிய ஒரு பலகையைக் கொடுத்தவருடையது. நீர் நிரம்பிய குடம், வாயிலிருந்து தாமரைகள் பொங்கி வழிகின்றன. அதைக் கொடுத்தவர் பெயர் விதிகர். மங்கலச் சொல்லுக்கு அடுத்து அந்தக் கல்வெட்டில் வருகிற முதல் சொல் 'சம்மகார'. தோல் வேலை செய்பவர் என்று பொருள்.

பெயருக்கு முன்னாலேயே தொழில் வருகிறது. அடுத்து, நாகர் என்ற ஆசிரியரின் மகன் என்கிறது. பிறகு அவர் பெயர். பிறகு, தாயோடும் மனைவியோடும் சகோதரர்களோடும் மகன் நாகனோடும் மகள்களோடும் உறவினர் நண்பர்களோடும் சேர்ந்து கொடுத்த தானம் என்று முடிகிறது. சாதவாகனர் காலம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு.

படித்து முடித்ததும் அக்காவின் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அவள் சொன்னதை அவள் அனுமதியோடு எழுதுகிறோம். ஏழாம் வகுப்பு. உதவித்தொகைக்குப் பெயர் எடுக்க ஒரு ஆசிரியர் வகுப்புக்கு வந்திருக்கிறார். கையில் இருந்த தாளைப் பார்த்து, "சுகாதாரமற்ற தொழில் செய்யறவங்க பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றிருக்கிறார். யாரும் எழவில்லை. பிறகு அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். நான்கு பேர் நின்றார்கள். பின் பெஞ்சில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் படிவத்திலும் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் இவள் 'கூலி' என்றுதான் எழுதுகிறாள். கல்லூரித் தோழிகளுக்கு அப்பா கட்டட வேலை செய்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். இது அவள் அம்மாவுக்கே அன்றுதான் தெரியும்.

அந்த ஆசிரியர் சொந்தமாகக் கண்டுபிடித்த சொல் அல்ல அது. திட்டத்தின் பெயரே அப்படித்தான் இருந்தது. 1977-78இல் ஒன்றிய அரசு தொடங்கியது. மலம் அள்ளுவோர், தோல் உரிப்போர், தோல் பதனிடுவோர் ஆகியோரின் பிள்ளைகள் பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்கான உதவித்தொகை. ஆங்கிலத்தில் 'அன்கிளீன் ஆக்குபேஷன்ஸ்', தமிழில் 'சுகாதாரமற்ற தொழில்'. பணம் தேவையான பணம்தான். அந்தப் பணத்தில் நம் பிள்ளைகள் நோட்டு வாங்கியிருக்கிறார்கள், விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தைப் பெற, 'என் அப்பன் அசுத்தமான தொழில் செய்கிறான்' என்று ஒரு குழந்தை வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பிற்பாடு திட்டத்தின் பெயரை 'சுத்தம் செய்யும், உடல்நலக் கேடு விளைவிக்கும் தொழில்கள்' என்ற பொருளில் மாற்றினார்கள். மாற்றம் சரியான திசையில்தான். டேனரியின் சுண்ணாம்புக் குழியில் காலும் கையும் வெந்துபோவது உழைப்பவரின் அசுத்தம் ஆகாது. அது அவர் உடலுக்கு நேர்கிற கேடு, முதலாளி பாதுகாப்பு தராததால் நேர்கிறது. பெயர் மாறியும் பேச்சில் பழைய சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல்லையும் விதிகரின் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒருவர் தன் தொழிலை முதல் சொல்லாக எழுதிக் கொடுக்கிறார். அதே தொழிலை நம் காலத்துப் படிவம் அசுத்தம் என்று எழுதுகிறது. அவர் கொடுத்தது எது? தண்ணீர்க் குடம். எந்தக் கையிலிருந்து தண்ணீர் வாங்கக் கூடாது என்று ஊர் சொல்லிற்றோ, எந்தக் கை தொட்டால் குளம் தீட்டு என்று மகாடில் 1927இல் அடித்தார்களோ, அந்தத் தொழிலின் கை ஒரு நிறைகுடத்தைக் கொண்டுவந்து கோயிலுக்கு நிகரான ஓர் இடத்தில் வைத்திருக்கிறது. வாங்கிக்கொண்டார்கள். பெயரையும் எழுதிக்கொள்ள விட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு மாணவன், "அப்போ அந்தக் காலத்துல சாதியே இல்லயாக்கா?" என்றான். அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கல்வெட்டை வைத்து ஒரு பொற்காலம் கட்டக் கூடாது. விதிகர் தன் ஊரில் எங்கே குடியிருந்தார், யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைக் கல் சொல்லவில்லை. பொற்காலம் தேடுவது ஆதிக்கச் சாதிகளின் வேலை. நமக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவையானது சின்ன உண்மைதான். தோல் தொழிலும் இழிவும் உடன் பிறந்தவை அல்ல. இரண்டையும் யாரோ ஒரு காலத்தில் ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்ததைப் பிரிக்க முடியும்.

பூரண கும்பம் செதுக்கிய பலகையின் முன்னால் போய் நின்றோம். அந்த மாதிரிப் பலகை அமராவதியில் ஒன்று மட்டும் இல்லை. பலர் கொடுத்திருக்கிறார்கள், சில கடல் கடந்தும் போய்விட்டன. இது விதிகருடையதா என்று படித்துச் சொல்ல எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் பிராமி தெரியாது. நாங்கள் வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான். அப்பாவின் தொழிலுக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கல்லில் எழுத்து இருந்த இடத்தை எல்லாம் பிள்ளைகள் தேட ஆரம்பித்தார்கள். அழுதவள்தான் முதலில் கூப்பிட்டாள். "அக்கா, இங்க பாருங்க. இது 'க'." பள்ளிப் பாடத்தில் தமிழி எழுத்து அட்டவணையில் 'க' ஒரு கூட்டல் குறிபோல இருக்கும், நினைவிருக்கிறதா? அதே குறி. கீழ்க் கால் மட்டும் நீண்டு கொஞ்சம் வளைந்திருந்தது. அது எந்தச் சொல்லின் 'க' என்று தெரியாது. 'சம்மகார' என்பதிலும் ஒரு 'க' இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவள் அந்த எழுத்தைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். விரலைக் காற்றில் வைத்து இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள்.

அக்கா இவ்வளவு நேரமும் யோசனையிலேயே இருந்தார். பிறகு கேட்டார்: "அந்த ஆளு மவன் பேரு நாகன்னு எழுதிக்கிறாரு, அப்பன் பேரும் நாகன். அம்மா பேரு, பொண்டாட்டி பேரு, பொண்ணுங்க பேரு?"

குறிப்பை மறுபடி பார்த்தோம். தாயோடு, மனைவியோடு, மகள்களோடு. அவ்வளவுதான். பெயர் இல்லை.

"அப்போ தோலை ஊறவச்சி காய வச்சதுல அவங்களும்தான இருந்திருப்பாங்க" என்றார் அக்கா.

எங்களிடம் பதில் இல்லை. அமராவதியின் வேறு பல கல்வெட்டுகளில் பெண்கள் தம் பெயரிலேயே தானம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். அது உண்மைதான். ஆனாலும் இந்த ஒரு கல்லில் அவர்கள் பெயர் இல்லை என்பதும் உண்மைதான். பல வருடமாக அந்தக் குறிப்பை வைத்திருக்கிறோம். எத்தனையோ கூட்டங்களில் வாசித்திருக்கிறோம். இந்தக் கேள்வி ஒருமுறைகூட எங்களுக்குத் தோன்றவில்லை. விடுதலை என்று நாம் பேசும்போது யார் பெயரை எழுதுகிறோம், யாரைக் 'குடும்பத்தோடு' என்று முடித்துவிடுகிறோம்? நம் இயக்கத் துண்டறிக்கைகளையும் சுவரொட்டிகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வெளியே வந்தபோது மணி இரண்டரை. வெயில் இறங்கவே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அங்கேயே மனுவின் கடைசிப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் இன்னொரு கோரிக்கையைக் கையால் எழுதிச் சேர்த்தோம். அழுதவள்தான் எழுதினாள். பெற்றோரின் தொழிலைச் சொல்லி மாணவர்களை வகுப்பறையில் எழுப்பி நிறுத்தக் கூடாது, விவரத்தைப் பெற்றோரிடம் தனியாகப் பெற வேண்டும், 'சுகாதாரமற்ற தொழில்' என்ற சொல் எந்தப் படிவத்திலும் அறிவிப்பிலும் இருக்கக் கூடாது. மூன்றே வரி.

அதிகாரி நாலரை மணிக்கு வந்தார். மனுவை வாங்கிக்கொண்டார். பார்க்கிறோம் என்றார். இந்தப் 'பார்க்கிறோம்' நமக்குப் புதிதல்ல, விடப்போவதும் இல்லை. மனு கொடுத்தவர்கள் விவரத்துக்கு ஒரு படிவம் நீட்டினார்கள். அவள் பேனாவை வாங்கி, தந்தை என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதி, பக்கத்தில் 'தோல் பதனிடும் தொழிலாளி' என்று எழுதினாள். தாய்க்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஓரத்தில் கோடு இழுத்து அம்மாவின் பெயரை எழுதி, 'காலணித் தையல் தொழிலாளி' என்று சேர்த்தாள்.

இளைய தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை சென்னைக்கு மனுவோடு வரும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு எழும்பூருக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். வளாகத்துக்குப் பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. சி. சிவராமமூர்த்தி இந்த அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் எழுதிய ஆங்கில நூலைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, பிராமி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பது சொச்சம் எழுத்துதான். யாரோ படித்துச் சொன்னதை நம்பி நம் வரலாற்றைக் கேட்டது போதும். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலைப் பாடசாலையில் ஆரம்பித்துவிட்டோம். கரும்பலகையில் முதலில் எழுதியது 'க'.

அக்காவும் வருகிறார். செருப்பை வாசலில் விடச் சொன்னால், இங்கே மட்டும் ஏன் என்று கேட்கிறார்.

ஜெய்பீம்.